‘டிஸ்கஸ்ட் அபவுட்’ ஏன் பிழை? இறந்தகால வினையும் முன்னிடைச்சொல்லும்

கேள்வியாளர்:

நண்பர்களுக்கு வணக்கம். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த அறிக்கை ஒன்று நான்கு இடங்களில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. நான்குமே இறந்தகால வினை வரும் வாக்கியங்கள்; நான்கிலும் சிக்கல் வினையை ஒட்டி நிற்கும் முன்னிடைச்சொல்லை (ப்ரெபொசிஷன்) சுற்றியே இருக்கிறது. ‘வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி பிளான்’ என்பதில் அபவுட் அடிக்கப்பட்டிருக்கிறது. ‘தி பிளான் வாஸ் லாஃப்ட் பை எவ்ரிஒன்’ என்பதில் அதற்கு நேர்மாறாக, லாஃப்ட் என்பதற்கும் பை என்பதற்கும் நடுவில் அட் செருகப்பட்டிருக்கிறது. ‘ஐ வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2019’ என்பதில் முன்னிடைச்சொல் அப்படியே நிற்க, வினை ‘ஹேவ் வொர்க்ட்’ என்று மாறியிருக்கிறது. ‘ஆஃப்டர் கேம் டு தி ஆஃபீஸ்’ என்ற தொடரின் அடியில் வெறும் கோடு மட்டும் இழுக்கப்பட்டிருக்கிறது.

கோ, வென்ட், கான் என்று மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். ஒவ்வோர் இறந்தகால வினைக்கும் உரிய முன்னிடைச்சொல் இன்னது என்று சொல்லும் பட்டியல் ஏதேனும் இருக்கிறதா? ஓரிடத்தில் எடுக்கச் சொல்வதும் இன்னோரிடத்தில் சேர்க்கச் சொல்வதும் எந்த விதியின்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆசிரியர்:

அப்படி ஒரு பட்டியல் இல்லை, இருக்கவும் முடியாது. ஒரு வினை எந்த முன்னிடைச்சொல்லை ஏற்கும் என்பதை அந்த வினையின் பொருள்தான் முடிவு செய்கிறது, அதன் காலம் அன்று. லிசன் டு என்பது லிசண்ட் டு ஆகிறது. வெயிட் ஃபார் என்பது வெயிட்டட் ஃபார் ஆகிறது. டிபெண்ட் ஆன் என்பது டிபெண்டட் ஆன் ஆகிறது. வினை உருமாறினாலும் துணை மாறுவதில்லை. ப்ரிங் என்பது ப்ராட் என்றும் திங்க் என்பது தாட் என்றும் அடையாளமே தெரியாமல் மாறும்போதுகூட, திங்க் ஆஃப் என்பது தாட் ஆஃப் ஆகத்தான் நிற்கிறது.

ஆகவே உங்கள் வாக்கியம் ஒவ்வொன்றையும் முதலில் நிகழ்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ‘வீ டிஸ்கஸ் அபவுட் தி பிளான்’ என்பதும் பிழைதான். எனவே அங்கே இறந்தகாலத்துக்குப் பங்கில்லை, சிக்கல் டிஸ்கஸ் என்ற வினையில் இருக்கிறது. லாஃப்ட் என்பதும் அப்படியே. சின்ஸ் வரும் வாக்கியத்தில் மட்டுமே காலம் உண்மையாகவே குறுக்கிடுகிறது. நான்காவது பிழை இவை இரண்டிலும் சேராத வேறு வகை. அது வாக்கியக் கட்டமைப்பைப் பற்றியது.

முதல் வகைப் பிழை தமிழர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் தனித்து நிற்கிறது. நாம் எழுதும்போது உருபையும் சொல்லுருபையும் அப்படியே பெயர்த்து முன்னால் வைத்துவிடுகிறோம். திட்டத்தைப் பற்றி விவாதித்தோம் என்பதில் உள்ள ‘பற்றி’ அபவுட் ஆகிறது. அவரிடம் கேட்டேன் என்பதில் உள்ள ‘இடம்’ டு ஆகி, ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ என்று வருகிறது. கேள்விக்குப் பதிலளித்தார் என்பதில் உள்ள ‘கு’ உருபால் ‘ஆன்சர்ட் டு தி கொஸ்டின்’ பிறக்கிறது. ஒருவருடன் திருமணம் நடந்தது என்பதால் ‘மேரீட் வித்’ எழுதுகிறோம். டிஸ்கஸ், ஆஸ்க், ஆன்சர், மேரி, ரீச், என்டர், ரிசெம்பிள் ஆகிய வினைகள் செயப்படுபொருளை நேரடியாகத் தழுவுபவை. இடையில் எதையும் ஏற்காதவை.

இதற்கு நான் மாணவர்களிடம் சொல்லும் வழி ஒன்று உண்டு. இந்த ஆங்கில வினைகளுக்கு இரண்டாம் வேற்றுமை ஏற்கும் தமிழ் வினை ஒன்றைத் தேடி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். டிஸ்கஸ்ட் என்றால் ‘அலசினோம்’. திட்டத்தை அலசினோம் என்பதில் ‘பற்றி’ வராது. மேரீட் என்றால் ‘மணந்தார்’, அவரை மணந்தார். ரீச்ட் என்றால் ‘அடைந்தார்’, ஊரை அடைந்தார். இப்படிப் பழகியவர்கள் அடுத்த முறை டு போடுவதற்கு முன் தாமாகவே தயங்குகிறார்கள்.

பயிலுநர்:

ஐயா, ஓர் ஐயம். என்டர்ட் என்பதற்குப் பின் எதுவும் வராது என்கிறீர்கள். ஆனால் ஒப்பந்தங்களில் ‘என்டர்ட் இன்டு அன் அக்ரீமெண்ட்’ என்றுதானே எழுதுகிறார்கள்? அதுபோல ‘ஷி வாஸ் மேரீட் டு’ என்பதையும் பலமுறை படித்திருக்கிறேன். விதி என்று சொல்லிவிட்டு விலக்கும் இருந்தால் எதை நம்புவது?

ஆசிரியர்:

நல்ல கேள்வி. நான் சற்று அவசரமாக எழுதிவிட்டேன். ஓர் அறைக்குள் நுழைவது என்டர்ட் மட்டுமே. ஓர் உடன்பாட்டிலோ உறவிலோ கட்டுப்படுவது என்டர்ட் இன்டு. ஒரே எழுத்துகளால் ஆனவை என்றாலும் இவற்றை இரண்டு வினைகளாகக் கருதுவதே நேர்மையானது. மேரீட் என்பதில் வேறுபாடு இன்னும் நுட்பமானது. ‘ஷி மேரீட் ஹிம்’ என்பதில் மேரீட் இறந்தகால வினைமுற்று. அது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. ‘ஷி வாஸ் மேரீட் டு ஹிம்’ என்பதில் அது பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது கான் போன்ற மூன்றாம் வடிவம். அது ஒரு நிலையைச் சொல்லும் பெயரடைபோல நடந்துகொண்டு, தனக்கென ஒரு முன்னிடைச்சொல்லைக் கேட்கிறது. இன்ட்ரஸ்டட் இன், நோன் ஃபார், கவர்ட் வித் ஆகியவையும் இந்த வகையே. நான் முன்பு சொன்ன ‘காலம் மாறினால் துணை மாறாது’ என்பதற்கு இது முரண் அன்று. ஏனெனில் இங்கே மாறியது காலம் இல்லை, சொல்லின் வேலை.

மொழிபெயர்ப்பாளர்:

இந்த இழையில் இதுவரை ‘எது சரி, எது பிழை’ என்றே பேசப்படுகிறது. என் தொழிலில் அதைவிட அதிகம் என்னைத் தடுத்து நிறுத்துவது, இரண்டுமே சரியாக இருந்து பொருள் மட்டும் மாறும் இடங்கள். இறந்தகாலத்தில்தான் இந்த வேறுபாடு கூர்மையாகிறது, ஏனென்றால் அங்கே நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம். அது நடந்ததா, வெறும் முயற்சியோடு நின்றதா என்பதை ஒரு சிறு முன்னிடைச்சொல் தீர்மானித்துவிடுகிறது.

‘ஹி ஷாட் தி டைகர்’ என்றால் குண்டு புலியின் மேல் பட்டது. ‘ஹி ஷாட் அட் தி டைகர்’ என்றால் புலியை நோக்கிச் சுட்டார். பட்டதா என்பது தெரியாது, பெரும்பாலும் படவில்லை என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். தமிழில் ‘புலியைச் சுட்டார்’ என்றும் ‘புலியை நோக்கிச் சுட்டார்’ என்றும் இதைப் பிரித்துக் காட்ட நம்மிடம் வழி இருக்கிறது. ஆனால் அட் என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டால், உயிரோடு தப்பிய புலியை மொழிபெயர்ப்பில் கொன்றுவிடுவோம். ‘த்ரூ தி பால் டு ஹிம்’ என்றால் அவர் பிடித்துக்கொள்ளும்படி பந்தை எறிந்தார். ‘த்ரூ தி பால் அட் ஹிம்’ என்றால் அவர் மேல் படும்படி எறிந்தார். ‘ஷவுட்டட் டு’ என்பது தொலைவில் இருப்பவர் காதில் விழுவதற்காகக் கத்தியது. ‘ஷவுட்டட் அட்’ என்பது கோபத்தில் கத்தியது. ‘பிலீவ்ட் ஹிம்’ என்றால் அவர் சொன்னதை நம்பினேன். ‘பிலீவ்ட் இன் ஹிம்’ என்றால் அவர் மேலேயே நம்பிக்கை வைத்தேன். ஹேர்ட் என்ற ஒரு வினை மட்டுமே மூன்று விதமாகப் பிரிகிறது: ஒருவர் குரலைக் கேட்டது, ஹேர்ட் ஆஃப் என்று அவர் பெயரைக் கேள்விப்பட்டது, ஹேர்ட் ஃப்ரம் என்று அவரிடமிருந்து செய்தி வரப்பெற்றது.

இவற்றில் டு என்பது பெறுபவரையும் அட் என்பது இலக்கையும் காட்டுவதைக் கவனித்தால், மனப்பாடத்தின் சுமை பெருமளவு குறைகிறது. லாஃப்ட் அட் என்பதில் அட் ஏன் வந்தது என்பதும் இதனால் தெளிவாகும்: சிரிப்புக்கு இலக்கானவரை அது காட்டுகிறது.

பிரதி திருத்துநர்:

மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். என் மேசைக்கு வரும் பிரதிகளில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

காலம் காட்டும் முன்னிடைச்சொற்கள் வினையின் பொருளை அன்றி அதன் காலத்தைப் பார்த்துச் சேர்பவை. சின்ஸ் என்பது ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து பேசும் நேரம்வரை ஒரு கோடு இழுக்கிறது. வென்ட் போன்ற இரண்டாம் வடிவமான சிம்பிள் பாஸ்ட் என்பதோ நிகழ்ச்சியை இன்றிலிருந்து வெட்டி அப்பால் வைக்கிறது. கோடு இழுக்கும் சொல்லும் கோட்டை வெட்டும் வினையும் ஒரே வாக்கியத்தில் இணங்கமாட்டா. அதனால்தான் ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2019’ என்று பிரசன்ட் பெர்ஃபெக்ட் தேவைப்படுகிறது. கோட்டின் மறுமுனை இன்றாக இல்லாமல் கடந்த காலத்தில் ஒரு புள்ளியாக இருந்தால் பாஸ்ட் பெர்ஃபெக்ட் வர வேண்டும்: ‘வென் ஐ மெட் ஹர், ஷி ஹேட் வொர்க்ட் தேர் சின்ஸ் 2015’.

இதன் மறுபக்கத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘ஐ ஹேவ் மெட் ஹிம் இன் 2019’ என்பது பிழை. இன் 2019, ஆன் மண்டே, அட் ஃபைவ் என்று முடிந்துபோன ஒரு காலத்தைச் சுட்டிவிட்டால் ‘ஐ மெட் ஹிம்’ என்ற சிம்பிள் பாஸ்ட்தான் பொருந்தும். தமிழில் ‘சந்தித்திருக்கிறேன்’ என்ற வடிவத்தோடு ஆண்டையும் சேர்த்துச் சொல்வது இயல்பு என்பதால் இந்தப் பிழை நம் கண்ணில் படுவதே இல்லை.

ஃபார் என்பது இரு பக்கமும் செல்லும். ‘ஐ லிவ்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றால் பத்தாண்டு வாழ்ந்தேன், இப்போது அங்கே இல்லை. ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றால் பத்தாண்டாக வாழ்ந்துவருகிறேன். முன்னிடைச்சொல் ஒன்றே, வாழ்க்கை முடிந்ததா தொடர்கிறதா என்பதை வினை சொல்கிறது. தமிழில் ‘பத்தாண்டு’, ‘பத்தாண்டாக’ என்ற வேறுபாடு இதில் பாதி வேலையைச் செய்வதைப் பாருங்கள்.

இன் என்பதையும் ஃபார் என்பதையும் அருகருகே வைத்தால் இன்னொன்று புலப்படும். ‘ஐ ரெட் தி புக் இன் டூ டேஸ்’ என்றால் இரண்டு நாளில் படித்து முடித்தேன். ‘ஐ ரெட் தி புக் ஃபார் டூ டேஸ்’ என்றால் இரண்டு நாள் படித்தேன். முடித்தேனா என்பது சொல்லப்படவில்லை. ஸீனோ வெண்ட்லர் என்ற மெய்யியலாளர் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் வினைகளை நான்கு வகையாகப் பிரித்தபோது, ‘எவ்வளவு நேரம் செய்தாய்’, ‘செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று’ என்ற இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டே அவற்றுள் இரண்டு வகைகளை வேறுபடுத்திக் காட்டினார். ‘நாளில்’, ‘நாள்’ என்று தமிழ் இதே வேறுபாட்டை ஓர் ‘இல்’ உருபால் காட்டிவிடுகிறது. எல்லா இடத்திலும் தமிழ் நம்மை வழிதவறச் செய்வதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சுருக்கமாக இன்னும் இரண்டு. ‘ஐந்துக்குள் முடித்திருந்தார்’ என்றால் பை. ‘ஐந்துவரை வேலை செய்தார்’ என்றால் அன்டில். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் ஆகியவற்றுக்கு முன்னால் ஆன், இன் எதுவும் வேண்டியதில்லை.

பயிலுநர்:

‘சின்ஸ் ஐ கேம் ஹியர்’ என்பதில் சின்ஸ் என்பதற்குப் பக்கத்திலேயே சிம்பிள் பாஸ்ட் வந்திருக்கிறதே, அம்மா?

பிரதி திருத்துநர்:

அங்கே கேம் என்பது தொடக்கப் புள்ளியைக் குறிக்கிறது. 2019 என்ற ஆண்டு செய்த வேலையை அது செய்கிறது. பெர்ஃபெக்ட் வடிவம் வேண்டியது முதன்மை வினைக்குத்தான்: ‘ஐ ஹேவ் பீன் ஹேப்பி சின்ஸ் ஐ கேம் ஹியர்’.

மொழிபெயர்ப்பாளர்:

பயிலுநர் கேட்ட கேள்வி நேராக நான்காவது வாக்கியத்துக்குக் கொண்டுபோகிறது. என் பார்வையில் இந்த நான்கில் மிக ஆழமானது அதுவே.

‘ஆஃப்டர் கேம்’ என்று ஏன் எழுதுகிறோம்? தமிழில் ‘வந்த பிறகு’ என்கிறோம். ‘வந்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம்; அதற்கு எழுவாய் தேவைப்படவில்லை; அப்படியே ‘பிறகு’ என்பதைத் தழுவி நிற்கிறது. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லை அடுத்து வினைமுற்று நேரடியாக வரவே முடியாது. முன்னிடைச்சொல் ஒரு பெயரையோ பெயர்போல் நடக்கும் தொழிற்பெயரையோதான் கேட்கும்; ஆகவே ‘ஆஃப்டர் கமிங் டு தி ஆஃபீஸ்’. அல்லது எழுவாயைச் சேர்த்து ‘ஆஃப்டர் ஐ கேம் டு தி ஆஃபீஸ்’ என்று எழுத வேண்டும். அப்போது ஆஃப்டர் முன்னிடைச்சொல்லாக இல்லாமல் இணைப்புச்சொல்லாகிவிடுகிறது. ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ், அன்டில் ஆகிய நான்குக்கும் இந்த இரட்டை வாழ்க்கை உண்டு. வித்அவுட் என்பதற்கு அது இல்லை. எனவே ‘வித்அவுட் டோல்ட்’ என்பது எந்த வகையிலும் தேறாது, ‘வித்அவுட் டெல்லிங்’ ஒன்றுதான் வழி. டியூரிங் என்பதற்கும் இல்லை. அதன் பின் பெயர் மட்டுமே வரும், வாக்கியம் வர வேண்டுமென்றால் வைல் என்பதை நாட வேண்டும்.

இங்கே தமிழின் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாளை நடக்கப்போவதைப் பற்றியும் ‘அவர் வந்த பிறகு பேசலாம்’ என்று இறந்தகால வடிவத்தில் சொல்கிறோம். நேற்று நடந்து முடிந்ததைப் பற்றியும் ‘அவர் வருவதற்கு முன் கிளம்பிவிட்டேன்’ என்று எதிர்காலத்தின் சாயல் கொண்ட வடிவத்தில் சொல்கிறோம். எது முந்தியது, எது பிந்தியது என்பதைத்தான் தமிழ் பார்க்கிறது. பேசும் நேரத்தைப் பார்ப்பதில்லை. ஆங்கிலம் நேற்று நடந்ததற்கு ‘பிஃபோர் ஹி கேம்’ என்றும் நாளைக்கு ‘ஆஃப்டர் ஹி கம்ஸ்’ என்றும் சொல்கிறது. நேற்றைய கதையைச் சொல்லும்போது ‘பிஃபோர் ஹி கம்ஸ் ஐ லெஃப்ட்’ என்று தேர்ந்த எழுத்தாளர்கள்கூட எழுதிவிடுவதற்கு அறியாமை காரணம் அன்று. தாய்மொழி காலத்தை வேறுவிதமாக அடுக்குகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் சிவப்புக் கோடு மட்டும் இழுப்பவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வியாளருக்கு ஓர் எச்சரிக்கை: ‘ஆஃப்டர் கமிங் டு தி ஆஃபீஸ், தி ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று எழுதினால் மழைதான் அலுவலகம் வந்ததாகப் பொருள்படும். வந்தவரும் முதன்மை வினையின் எழுவாயும் ஒருவராக இல்லாதபோது ‘ஆஃப்டர் ஐ கேம்’ என்ற வடிவமே தகும்.

ஆசிரியர்:

பெயரெச்சம் என்று எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. இரண்டாவது வாக்கியத்தின் விடையும் அதற்குள்தான் இருக்கிறது. ‘நான் வாழ்ந்த வீடு’ என்கிறோம். வீட்டில் வாழ்ந்தேன் என்பதில் இருந்த ‘இல்’ உருபு பெயரெச்சத் தொடரில் மறைந்துவிடுகிறது. ‘நான் எழுதிய பேனா’ என்பதில் ‘ஆல்’ மறைகிறது. ‘அவர் உட்கார்ந்த நாற்காலி’ என்பதிலும் உருபு இல்லை. தமிழ் வாசகர் உறவைத் தாமே உணர்ந்துகொள்கிறார். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. பெயர் முன்னால் நகர்ந்துவிட்டாலும் முன்னிடைச்சொல் தன் வினையின் அருகிலேயே காத்திருக்க வேண்டும்: ‘தி ஹவுஸ் ஐ லிவ்ட் இன்’, ‘தி பென் ஐ ரோட் வித்’, ‘தி சேர் ஹி சாட் ஆன்’.

செயப்பாட்டு வினையிலும் இதே கதைதான். ‘எவ்ரிஒன் லாஃப்ட் அட் தி பிளான்’ என்பதில் பிளான் எழுவாயாக முன்னே போகும்போது அட் பின்தங்கி நிற்கிறது. அதன்பின் செய்தவரைக் காட்டும் பை வருகிறது. ‘வாஸ் லாஃப்ட் அட் பை எவ்ரிஒன்’. இரண்டு முன்னிடைச்சொற்கள் அடுத்தடுத்து வருவது காதுக்கு இடறலாகத் தோன்றுவதால் நம்மவர்கள் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். ‘வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை’ என்பதும் இத்தகையதே.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லப்பட்டதை இங்கே யாராவது நினைவுபடுத்தக்கூடும். ஜான் டிரைடன் 1672-இல் பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகக் காட்டினார். பின்வந்த ஆசிரியர்கள் அதை விதியாக்கினார்கள். ஆனால் ஆங்கிலம் பேசுபவர்களும் எழுதுபவர்களும் அவ்வாறு முடிப்பதை நிறுத்தவே இல்லை.

பிரதி திருத்துநர்:

தலைப்பை ஒட்டியே ஒரு சிறு குறிப்பு. ‘ஹி வாக்ட் பாஸ்ட் தி ஹவுஸ்’, ‘ஹி பாஸ்ட் தி ஹவுஸ்’ இரண்டையும் தமிழில் எழுதும்போது பாஸ்ட் ஒன்றுபோலவே வருகிறது, ஏனெனில் ஒலி ஒன்றே. ஆங்கில எழுத்தில் முதலாவது ஒரே எஸ் கொண்டு டி எழுத்தில் முடியும் நான்கெழுத்து முன்னிடைச்சொல்; இரண்டாவது இரண்டு எஸ் கொண்டு இ, டி எழுத்துகளில் முடியும் வினை. வாக்ட் என்று ஒரு வினை ஏற்கெனவே இருந்தால் அடுத்து வருவது நான்கெழுத்துச் சொல்தான். வரலாற்றில் அந்த முன்னிடைச்சொல்லே பாஸ் என்ற வினையின் பாஸ்ட் பார்ட்டிசிபிளிலிருந்து பிறந்தது என்பதால் குழப்பத்துக்கு முழுப் பொறுப்பும் நம்முடையது இல்லை. ‘டூ இயர்ஸ் அகோ’ என்பதில் உள்ள அகோவும் கடந்துபோன என்று பொருள்பட்ட ஒரு பழைய பார்ட்டிசிபிள்தான். அது ‘இரண்டு ஆண்டுக்கு முன்’ என்பதுபோல அளவுக்குப் பின்னால் நிற்பதற்கும் அதுவே காரணம். கடந்த ஒரு புள்ளியைத் தானே சுட்டிவிடுவதால் அதனுடன் சிம்பிள் பாஸ்ட்தான் வரும்.

கேள்வியாளர்:

அனைவருக்கும் நன்றி. நான்கு வாக்கியங்களையும் இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: ‘வீ டிஸ்கஸ்ட் தி பிளான்’, ‘தி பிளான் வாஸ் லாஃப்ட் அட் பை எவ்ரிஒன்’, ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2019’, ‘ஆஃப்டர் ஐ கேம் டு தி ஆஃபீஸ், தி மீட்டிங் பிகேன்’. கடைசியில் கூட்டம் எழுவாயாக வருவதால் ‘ஆஃப்டர் கமிங்’ என்று எழுதவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் ஏர்லி’ என்று எழுதியதை யாரும் திருத்தவில்லை. ‘ஐ வாஸ் யூஸ்ட் டு கெட் அப் ஏர்லி’ என்று வேறோரிடத்தில் எழுதியதைத் திருத்தி ‘கெட்டிங்’ என்று மாற்றியிருந்தார்கள். இரண்டிலும் டு இருக்கிறதே?

ஆசிரியர்:

முதலாவதில் யூஸ்ட் என்பது வினை. அதையடுத்த டு முன்னிடைச்சொல் அன்று, கெட் என்ற மூலவினையின் அடையாளம். ‘முன்பெல்லாம் எழுவேன், இப்போது இல்லை’ என்பது அதன் பொருள். இரண்டாவதில் வாஸ் என்பதே வினை. யூஸ்ட் என்பது ‘பழகிய’ என்னும் பெயரடை. டு அங்கே உண்மையான முன்னிடைச்சொல். ‘எழுவதற்குப் பழகியிருந்தேன்’ என்பதில் ‘எழுவது’ என்ற தொழிற்பெயரின் மேல் ‘கு’ உருபு ஏறுகிறதல்லவா, அதே இடத்தில்தான் கெட்டிங் நிற்கிறது.